குறையும் புனிதமும்: முளகுமூட்டு அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பெல்ஜியத்தைச் சேர்ந்த அகுஸ்தீன் மடத் துறவியான அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர் (1857–1928) 1897ஆம் ஆண்டு நவம்பரில் தென்திருவிதாங்கூரின் முளகுமூட்டுக்கு வந்து அனாதைக் குழந்தைகளின் பொறுப்பை ஏற்றார். அங்குத் தொடங்கிய பணியிலிருந்தே உலகளாவிய பெண் துறவுச் சபை ஒன்று உருவாயிற்று. அவரைப் பற்றிய நினைவு பெரும்பாலும் போற்றுதலாகவே நிலவுகிறது. மறைபரப்புப் பணியைக் காலனியத்தின் கருவியாக மட்டும் காணும் ஆய்வுகள் இத்தகையோரை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றன. இவ்விரு நிலைகளுக்கும் மாறாக, அவரது பணியின் துணிவையும் வரம்பையும் ஒருங்கே வைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்கச் சமூகப் போராளியான டோரதி டேயின் வாழ்வு ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. குறைகளை மறைக்காத வாசிப்பே ஒரு முன்மாதிரியைப் பிற்காலத்தார்க்குப் பயன்படுவதாக ஆக்குகிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முளகுமூடு, பெண் துறவு, தென்திருவிதாங்கூர், ரேந்தைப் பின்னல், புனிதர் வரலாறு, டோரதி டே.

1. முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிறித்தவ வரலாறு எழுதப்படும்போது மூன்று தொடக்கங்கள் தவறாமல் குறிப்பிடப்படுகின்றன. 1544இல் கடற்கரை ஊர்களில் பிரான்சிஸ் சவேரியார் ஆற்றிய பணி முதலாவது. நட்டாலத்தில் பிறந்து 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் மறைச்சாட்சியம் இரண்டாவது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய கல்வி, மருத்துவப் பணிகள் மூன்றாவது. இம்மூன்றிலும் ஆண்களே வரலாற்றின் மையத்தில் நிற்கின்றனர். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ கணவரின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே நினைக்கப்படுகிறார். சீர்திருத்தச் சபையைச் சார்ந்த பெண்களும் பெரும்பாலும் போதகரின் துணைவியராகவே அறியப்படுகின்றனர்.

இச்சூழலில், ஓர் ஆணின் துணைவியாக அல்லாமல் தம் பணியின் தலைமையைத் தாமே ஏற்ற கத்தோலிக்கப் பெண்ணொருவர் தனி ஆய்வுக்கு உரியவராகிறார். முளகுமூடு நாஞ்சில் நாட்டின் பழைய எல்லைக்குள் அடங்குவதன்று. தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு எனச் சுட்டப்பட்டன. முளகுமூடு கல்குளம் பகுதியைச் சேர்ந்தது. எனினும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்த மாவட்டத்தின் பொது வரலாற்றில் இவ்வூருக்குச் சிறப்பிடம் உண்டு.

2. புனிதர் வரலாறும் குறையும்

புனிதர்களைக் குறையற்றவர்களாகவே காட்ட வேண்டும் என்பது தமிழ் மரபின் கட்டாயமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தின் தலைமை அடியாரான சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாருக்குத் தந்த வாக்கை மீறிப் பார்வையை இழந்தவர். அந்த மீறலைச் சேக்கிழார் மறைக்கவில்லை. மீறலும் தண்டனையும் இரந்து பெற்ற மீட்பும் சேர்ந்தே சுந்தரரின் அடியார்த்தன்மையை உருவாக்குகின்றன. பிழை செய்யும் அடியாரைத் தமிழ்ப் பத்தி மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது.

கத்தோலிக்க மரபிலும் இதற்கு இணையான இழைகள் உண்டு. புனிதர் நிலைக்கு எதிரான வாதங்களை முன்வைப்பதற்கென்றே 1587இல் உரோமையில் தனி அலுவலர் பதவி ஏற்படுத்தப்பட்டது. புனிதர் வரலாறுகளை மூலச்சான்றுகளோடு ஒப்பிட்டுத் திறனாயும் பொல்லாந்தியர் மரபு, மரிய லூயிஸ் பிறந்த பெல்ஜிய நிலப்பகுதியிலேயே 17ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஆயினும் மறைப்பணி நாடுகளில் எழுந்த நிறுவனர் வரலாறுகள் இத்திறனாய்வு மரபைப் பெரிதும் பின்பற்றவில்லை. விழா மலர்களும் நினைவுச் சொற்பொழிவுகளும் நிறுவனரைப் போற்றும் நடையையே வளர்த்தன.

இதனால் இரு இழப்புகள் நேர்கின்றன. முதலாவதாக, நிறுவனர் மேற்கொண்ட முடிவுகள் அனைத்தும் இறைத்திட்டத்தின் இயல்பான வெளிப்பாடுகளாகத் தோன்றுவதால், அவற்றின் பின்னிருந்த தயக்கமும் தெரிவும் மறைந்துவிடுகின்றன. இரண்டாவதாக, அப்பணியால் வாழ்வு மாறிய பெண்கள் பெயரற்ற பயனாளிகளாகச் சுருங்குகின்றனர். குறையைப் பேசுவது நிறுவனரைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று, இவ்விரண்டையும் மீட்பதற்காகவே.

3. களம்: தென்திருவிதாங்கூர்

மரிய லூயிஸ் வந்து சேர்ந்த தென்திருவிதாங்கூர், சாதி ஒழுங்கு அரசாணையாலும் வழக்காற்றாலும் காக்கப்பட்ட நாடு. அடிமை முறை அங்கு 1855இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த நெடும் போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பால் ஓரளவு முடிவுக்கு வந்தது. அவ்வறிவிப்பும் முழு உரிமையை வழங்கவில்லை; உயர்சாதிப் பெண்களைப் போன்று அணியலாகாது என்னும் வரம்பை அது விட்டுவைத்தது. இப்போராட்டத்தை ஆர்.என்.ஏசுதாஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். ஆலய நுழைவு அறிவிப்பு வெளிவர 1936 வரை காத்திருக்க நேர்ந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வொழுங்கிற்கு வெளியே நிற்கவில்லை. தேவசகாயத்தின் வரலாற்றோடு தொடர்புடைய வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து நிறுத்திய சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதாவது, முளகுமூட்டில் பெண் துறவியர் பணி தொடங்கிய பின்னரும் அண்டைப் பகுதியின் வழிபாட்டிடத்தில் சாதிச் சுவர் நின்றுகொண்டிருந்தது. இப்பின்னணியை விட்டுவிட்டு அப்பணியின் சமூகப் பொருளை மதிப்பிட இயலாது.

இத்தகைய சமூகத்தில் அனாதைக் குழந்தையின் நிலை தனித்தன்மை உடையது. ஒருவரின் உணவு, உடை, தொழில், திருமணம் அனைத்தையும் பிறப்பே முடிவு செய்த நாட்டில், பெற்றோர் யாரென அறியப்படாத குழந்தைக்குச் சமூகத்தில் இடமே இல்லை. அக்குழந்தை பெண்ணாயின் சுமை இரட்டிப்பாகும். அத்தகைய குழந்தைகளை ஒரே கூரையின்கீழ் வளர்க்கும் இல்லம் சாதி எதிர்ப்பை முழங்க வேண்டியதில்லை. பிறப்பைக் கேட்டு வகைப்படுத்த இயலாத இடமாக அது இருப்பதே சாதி ஒழுங்கின் அடிப்படையைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

4. அடைப்பு மடத்திலிருந்து முளகுமூட்டுக்கு

மரிய லூயிஸ் 1857 ஏப்ரல் 8ஆம் நாள் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியிலுள்ள ரூசலாரே நகரில் பிறந்தார். ஈப்பர் நகரிலிருந்த அகுஸ்தீன் கன்னியர் மடத்தில் துறவு மேற்கொண்டார். அக்காலத்தில் பெண் துறவிக்கு உரிய இடம் மடத்தின் நான்கு சுவர்களே என்பது திருச்சபைச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. 1298இல் எட்டாம் போனிபாஸ் திருத்தந்தை பெண் துறவியர்க்கு நிலையான அடைப்பை விதித்தார். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் அதனை உறுதிப்படுத்தியது. எளிய வாக்குறுதிகளுடன் வெளிப்பணியாற்றிய பெண்கள் சபைகளைத் துறவுச் சபைகளாக முறையாக ஏற்கும் ஆணையைப் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை 1900இல்தான் வெளியிட்டார்.

இக்கால வரிசை கருதத்தக்கது. முளகுமூட்டில் கார்மெல் சபைத் துறவியரின் பொறுப்பிலிருந்த அனாதை இல்லத்திற்குப் பெண் துறவியர் தேவைப்பட்டனர். அவ்வழைப்பை ஏற்று இளம் துறவி ஒருவருடன் மரிய லூயிஸ் புறப்பட்டது 1897இல். அந்த ஆணை வெளிவருவதற்கு அது மூன்றாண்டுகள் முந்தியது. அப்போது அவருக்கு வயது நாற்பது. புதிய சபையொன்றை நிறுவும் திட்டத்துடன் அவர் வரவில்லை; ஈப்பர் மடத்தின் உறுப்பினராகவே வந்தார். களத்தின் தேவை வளர்ந்தபோது பழைய மடத்தின் அமைப்பு அதற்குப் போதவில்லை. மறைபரப்பு அகுஸ்தீன் கன்னியர் சபை அவ்வாறு உருப்பெற்றது. 1963இல் அதன் பெயர் மரியாவின் தூய இதய மறைபரப்புச் சகோதரியர் சபை என மாற்றப்பட்டது. ஐ.சி.எம். சபை என இன்று அறியப்படுவது இதுவே.

ஐரோப்பாவில் உருவான சபை கீழை நாட்டில் கிளை பரப்பியது என்பதே வழக்கமான வரலாற்று வரிசை. இங்கு அது தலைகீழாக நிகழ்ந்தது. தென்திருவிதாங்கூரின் சிற்றூர் ஒன்றே சபையின் பிறப்பிடமாயிற்று. அங்கிருந்தே 1910இல் பிலிப்பைன்ஸ், 1920இல் காங்கோ, 1923இல் சீனா எனப் பணி விரிந்தது. முளகுமூட்டுப் பெண் குழந்தைகளின் தேவையே ஐரோப்பிய மடமொன்றின் சட்டத்தையும் வாழ்முறையையும் மாற்றியது எனக் கூறுவது மிகையாகாது. அக்குழந்தைகள் பயனாளிகளாக மட்டும் இருக்கவில்லை. சபையின் உருவாக்கத்தில் அவர்களும் காரணராயினர்.

5. ரேந்தை: கைத்தொழிலும் விடுதலையும்

குமரி மாவட்டத்தில் ரேந்தை எனப்படும் லேஸ் பின்னலுக்குத் தனி வரலாறு உண்டு. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண் குழந்தைகளுக்கு இதனைக் கற்பித்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் பின்னல் வருவாயைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். நூற்றாண்டின் இறுதியில் வந்த பிளாண்டர்ஸ் துறவியரும் ரேந்தைக்குப் பெயர்பெற்ற நிலப்பகுதியினரே. ஈப்பர் நகரம் ரேந்தை உற்பத்தியின் மையங்களுள் ஒன்று. முளகுமூட்டு மடத்திலும் தையலும் ரேந்தையும் பெண்களுக்கான தொழிற்பயிற்சியாக வேரூன்றின.

இத்தொழிலின் முற்போக்குக் கூறு தெளிவானது. பெண்ணின் உழைப்புக்குப் பணமாகக் கூலி கிடைத்தது. அக்கூலி அவள் கைக்கு வந்தது. வயலுழைப்பும் வீட்டுழைப்பும் மட்டுமே அறிந்திருந்த பெண்களுக்கு நிழலில் அமர்ந்து செய்யும் நுண்தொழில் மதிப்பையும் தந்தது. குடும்பம் கைவிட்ட பெண்ணும் பிறர் தயவின்றி வாழலாம் என்னும் நிலை உருவானது.

அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பிளாண்டர்ஸின் ரேந்தைப் பள்ளிகளே அக்காலத்தில் கடுமையான திறனாய்வுக்கு ஆளாகியிருந்தன. மடங்கள் நடத்திய பள்ளிகளில் சிறுமியர் நெடுநேரம் உழைத்தனர். பெல்ஜிய ரேந்தைத் தொழிலை 1902இல் ஆராய்ந்த பியேர் வெர்ஹேகன், உழைப்போர் பெற்ற குறைந்த கூலியையும் இடைத்தரகர்களின் ஆதிக்கத்தையும் பதிவு செய்தார். ஆந்திரத்தின் நரசாபுரத்தில் மறைப்பணியாளர் வழியாகப் பரவிய இதே தொழிலை 1982இல் ஆராய்ந்த மரியா மீஸ், உலகச் சந்தைக்காக உழைத்த பெண்கள் வெறும் இல்லத்தரசிகளாகக் கணக்கிடப்பட்டதையும் அதனால் அவர்களின் கூலி தாழ்ந்ததையும் எடுத்துக்காட்டினார். தொலைநாட்டுச் சந்தையை நம்பிய கைத்தொழிலில் விலையை முடிவு செய்யும் ஆற்றல் பின்னுபவளிடம் இருப்பதில்லை. பசியிலிருந்து காத்த அதே தொழில் புதிய சார்புநிலை ஒன்றையும் உண்டாக்கக்கூடியது.

6. பணியின் வரம்புகள்

மரிய லூயிசின் பணியில் காணத்தக்க வரம்புகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது காலனியச் சூழல். அவரது சபை 1910இல் சென்ற பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1920இல் சென்ற காங்கோ பெல்ஜியத்தின் காலனி. இரண்டாம் லியோபோல்டின் தனியாட்சிக்குள் இரப்பர்ச் சுரண்டலால் பேரழிவு கண்ட நாடு அது. 1908இல்தான் பெல்ஜிய அரசின் நேரடி ஆட்சிக்கு மாறியது. பெல்ஜிய மறைப்பணியாளர் அங்கு ஆற்றிய கல்வி, மருத்துவப் பணிகளைக் காலனி அரசின் கட்டமைப்பிலிருந்து பிரித்துக் காண இயலாது. அடிமைத்தளையிலிருந்து மீண்டெழ முயன்ற திருவிதாங்கூர்ப் பெண்களுக்குத் துணைநின்ற சபை, வேறொரு நிலத்தில் அடக்குமுறை ஆட்சியின் நிழலில் இயங்கிற்று என்பது வரலாற்றின் முரண்.

இரண்டாவது பணியின் அமைப்பு. அனாதை இல்லம் குழந்தையைக் காக்கிறது. குழந்தையை அனாதையாக்கும் நில உடைமையையும் வறுமையையும் சாதியையும் அது நேரடியாக எதிர்கொள்வதில்லை. 1859க்கு முந்தைய மேலாடைப் போராட்டத்தில் உரிமை கோரி வீதிக்கு வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்கள். முளகுமூட்டுப் பணியோ பாதுகாப்பு, பயிற்சி, ஒழுக்கம் ஆகிய வழிகளில் சென்றது. பாதுகாப்பில் அன்பு உண்டு. அதே வேளையில் காப்பவர் முடிவெடுப்பவராகவும் காக்கப்படுபவர் கீழ்ப்படிபவராகவும் நிலைபெறும் இடரும் உண்டு. குழந்தையின் சமயமும் எதிர்காலமும் அவள் கருத்தறியாமலே முடிவு செய்யப்பட்டன.

மூன்றாவது துறவு வாழ்வின் உள்ளடுக்கு. அக்கால ஐரோப்பியப் பெண் மடங்கள் பலவற்றில் பாடற்குழுத் துறவியர், பணித்துறவியர் என்னும் பாகுபாடு நிலவியது. கல்வியும் வரதட்சணையும் கொண்டுவந்தோர் முதல் வகையில் அடங்கினர். சமையலும் துப்புரவும் இரண்டாம் வகையினரின் கடமையாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் பெண் சபைகளில் ஒரே நிலை நிலவ வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. சாதி அடுக்கை அறிந்த தமிழ்ச் சமூகத்திற்கு இவ்வடுக்கு முற்றிலும் அயலானதன்று. மரிய லூயிஸ் பயின்று வளர்ந்த துறவுப் பண்பாடு இதுவே என்பதை மறத்தலாகாது.

இவ்வரம்புகளைத் தனிமனிதக் குற்றங்களாகக் கருதுவது பொருந்தாது. அக்காலத்தவர் அனைவரும் அவ்வாறே இருந்தனர் எனக் கடந்துவிடுவதும் பொருந்தாது. மடத்தின் சுவரைக் கடக்கத் துணிந்தவர் காலனியத்தின் சுவரை ஏன் காணவில்லை என்பது நியாயமான வினாவே.

7. ஒப்பீடு: டோரதி டே

மரிய லூயிஸ் முளகுமூட்டை அடைந்த அதே 1897 நவம்பரில், 8ஆம் நாள், நியூயார்க்கின் புரூக்ளினில் டோரதி டே பிறந்தார். இருவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும் பெண் துறவின் பொருள் ஒரு தலைமுறையில் எவ்வாறு மாறியது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

டோரதி இளமையில் இடதுசாரி இதழாளர். பெண்கள் வாக்குரிமைக்காக 1917இல் சிறை சென்றவர். கருக்கலைப்பின் துயரை 1924இல் வெளிவந்த தம் புதினத்தில் கதையாக்கினார். திருமணமின்றி வாழ்ந்த உறவில் 1926இல் மகளைப் பெற்றார். மறு ஆண்டு கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றபோது அவ்வுறவு முறிந்தது. 1933 மே 1ஆம் நாள் பீட்டர் மொரினுடன் இணைந்து கத்தோலிக்கத் தொழிலாளி இதழை ஒரு செண்டு விலையில் வெளியிட்டார். இல்லமற்றோருக்கு விருந்தோம்பல் இல்லங்களை அமைத்தார். இரண்டாம் உலகப் போரிலும் போர் மறுப்பில் உறுதியாக நின்றதால் இதழின் வாசகர்கள் பலரை இழந்தார். 1949இல் நியூயார்க் கல்லறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தம் பேராயரான கர்தினால் ஸ்பெல்மனுக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். 1970இல் இந்தியாவுக்கு வந்து கொல்கத்தாவில் அன்னை தெரசாவைச் சந்தித்தார். 1973இல் எழுபத்தைந்தாம் வயதில் பண்ணைத் தொழிலாளர்க்காக மீண்டும் சிறைப்பட்டார்.

ஊரார்க்கெல்லாம் திறந்திருந்த அவரது வீட்டில் ஒற்றை மகள் தனிமையில் வளர்ந்தாள். பேத்தி கேட் ஹென்னஸி 2017இல் எழுதிய வாழ்க்கை வரலாறு தாய்க்கும் மகளுக்கும் இடையிலிருந்த வலியை மறைக்கவில்லை. டோரதியின் புனிதர் பட்ட முயற்சி 2000இல் தொடங்கியது. ஆனால் தம்மைப் புனிதர் என்று அழைத்து எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்னும் கருத்தை அவர் வாழ்நாளிலேயே வெளிப்படுத்தியிருந்தார். பீடத்தில் ஏற்றப்பட்டவரை வணங்கினால் போதும், பின்பற்ற வேண்டியதில்லை என்னும் மனப்போக்கை அவர் அஞ்சினார்.

இருவரின் வேறுபாடு தெளிவானது. மரிய லூயிஸ் நிறுவனத்தை வளர்த்தார். டோரதி நிறுவனத்தை ஐயுற்றார். முன்னவர் கைவிடப்பட்டோரைக் காத்தார். பின்னவர் கைவிடச் செய்யும் அமைப்பையும் எதிர்த்தார். டோரதியின் குறைகள் அவரது எழுத்தாலும் குடும்பத்தார் எழுத்தாலும் வெளிப்படையாயின. மரிய லூயிசின் பணி வரம்புகளை வரலாற்றுச் சூழலிலிருந்தே வருவிக்க வேண்டியுள்ளது. ஆயினும் பொதுவான ஒன்றுண்டு. திருச்சபையின் சட்டமோ வழக்கமோ பெண்ணுக்கு வகுத்த இடத்தில் இருவரும் அடங்கவில்லை; அதற்காகத் திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை.

8. நினைவின் பயன்

முளகுமூடு அன்று கொல்லம் மறைமாவட்டத்தில் இருந்தது. 1930இல் உருவான கோட்டாறு மறைமாவட்டத்திலும், 2014இல் அதிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டத்திலும் பின்னர் இடம்பெற்றது. நிர்வாக எல்லைகள் மாறினும் அங்குத் தொடங்கிய பணியின் நினைவு தொடர்கிறது. அந்நினைவு எவ்வகையில் பயன்படும் என்பதே வினா.

குறையற்ற நிறுவனரின் நினைவு நன்றியை மட்டும் கோருகிறது. அவர் செய்ததைத் தொடர்வதே கடமை என்றாகிறது. அனாதை இல்லமும் பள்ளியும் தையற்கூடமும் நிறுவனங்களாக நிலைபெறுகின்றன. குறைகளோடு அறியப்படும் நிறுவனரின் நினைவோ வினா எழுப்புகிறது. அவர் தம் காலத்தின் எந்தச் சுவரைக் கடந்தார், எந்தச் சுவரைக் காணாது விட்டார் எனக் கேட்பவர், இன்று தம் முன் நிற்கும் சுவர் எது என்றும் கேட்க நேர்கிறது. பெண் துறவியர்க்குத் திருச்சபையில் உள்ள முடிவெடுக்கும் உரிமை, கிறித்தவ ஊர்களில் நீடிக்கும் சாதி உணர்வு, கைத்தொழில் செய்யும் பெண்ணின் கூலி ஆகியன அவ்வினாவிலிருந்து பிறக்கும் இன்றைய ஆய்வுப் பொருள்கள்.

தேவசகாயத்திற்கு 2022 மே 15ஆம் நாள் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது அவர் பெயரிலிருந்த சாதிப்பெயர் தவிர்க்கப்பட்டது. புனிதரின் நினைவு முடிந்துபோன ஒன்றன்று, ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீளாய்வு செய்கிறது என்பதற்கு மாவட்டத்திற்குள்ளேயே கிடைக்கும் சான்று இது. அதே மீளாய்வு பெண் நிறுவனர்க்கும், அவர்தம் இல்லங்களில் வளர்ந்து உழைத்த பெண்களுக்கும் உரியது.

9. முடிவுரை

அன்னை மரிய லூயிஸ் 1928 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஹெவர்லேயில் மறைந்தார். திருச்சபையின் புனிதர் பட்டியலில் அவர் இடம்பெறவில்லை. அடைப்பு மடத்திலிருந்து வெளிவந்து, பிறப்பால் மதிப்பளிக்கும் நாட்டில் பிறப்பறியாக் குழந்தைகளைப் பேணியதில் அவரது துணிவு வெளிப்படுகிறது. காலனியச் சூழலும், பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்ட பணிமுறையும், தொலைநாட்டுச் சந்தையை நம்பிய கைத்தொழிலும் அத்துணிவின் எல்லையைக் காட்டுகின்றன. இவ்விரண்டையும் ஒருசேர எழுதும் வரலாறே அவருக்கு நேர்மை செய்வதாகும். முளகுமூட்டு வரலாற்றின் அடுத்த கட்ட ஆய்வு, நிறுவனரிடமிருந்து ரேந்தை பின்னிய கைகளை நோக்கி நகர வேண்டும். அப்பெண்களின் வாய்மொழி வரலாறும் குடும்ப நினைவுகளும் தொகுக்கப்படும்போதுதான், காத்தவரின் கதையாக மட்டும் இருந்த ஒன்று காக்கப்பட்டோரின் கதையாகவும் நிறைவுபெறும்.